எலக்ட்ரிக் கிட்டார் வாங்கும் முன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் பட்ஜெட் 25,000 ரூபாய். முழுவதையும் கிட்டாருக்கே போட்டுவிட்டு, ஆம்ப் (ஒலிபெருக்கி) பிறகு வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஆம்ப் இல்லாத எலக்ட்ரிக் கிட்டார் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது, வாசிக்கும் ஆசையும் சீக்கிரம் வடிந்துவிடும். ஹெட்போன் மாட்டும் வசதியுள்ள 10 வாட் ஆம்ப் வீட்டுக்குப் போதும். அதற்கும் கேபிளுக்கும் ஒதுக்கியது போக மிச்சம்தான் கிட்டாருக்கு. அதிலும் செட்டப் செலவுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிடுங்கள்.

புதுக் கிட்டாரில் பல சமயம் தந்திகள் தேவைக்கு மேல் உயரத்தில் நிற்கும். நெக்குக்குள் (கழுத்துப் பகுதிக்குள்) இருக்கும் ட்ரஸ் ராட் என்ற கம்பியைத் திருகி நெக் வளைவைச் சரிசெய்து, உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் தந்தியை இறக்கி, 12ஆம் ஃப்ரெட்டில் (உலோக மெட்டில்) சுருதி சேர்கிறதா என்று பார்ப்பதுதான் செட்டப். இது முடிந்த மலிவுக் கிட்டார், முடியாத விலையுயர்ந்த கிட்டாரைவிட விரலுக்கு இதமாக இருக்கும். கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது தள்ளுபடி அல்ல, "செட்டப் செய்து தருவீர்களா?" என்பதுதான். பிராண்ட் என்று கேட்டால் ஃபெண்டரின் ஸ்குவையர், கிப்ஸனின் எபிஃபோன், அப்புறம் யமஹா, ஐபனேஸ், கோர்ட். எல்லாவற்றிலும் தொடக்கநிலை மாடல்கள் உண்டு. கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: சிங்கிள் காயிலா, ஹம்பக்கரா?

பதில்: இரண்டும் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் வகைகள். ஒரே சுருளுள்ள சிங்கிள் காயில் பளிச்சென்று ஒலிக்கும். கூடவே நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் பிடித்துத் தரும். ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள். சுற்றிய திசையும் காந்த முனையும் ஒன்றுக்கொன்று எதிராக இருப்பதால் இரைச்சல் அடிபட்டுப் போகும், தந்தியின் ஒலி மட்டும் கூடும். முடிவெடுக்க முடியவில்லையா? மூன்று பிக்கப்பில் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் என்று வரும் ஹெச்எஸ்எஸ் வகையை வாங்குங்கள்.

கேள்வி: 11 வயதுப் பையன். முதலில் அக்கூஸ்டிக்கில்தான் பழக வேண்டும் என்கிறார்களே?

பதில்: கட்டாயமே இல்லை. எலக்ட்ரிக்கின் தந்தி மெல்லியது, பிஞ்சு விரலுக்கு அதுதான் எளிது.

கேள்வி: கர்நாடக சங்கீதம் வாசிக்க விரும்புகிறேன். எப்படிப்பட்ட கிட்டார் கமகத்துக்கு ஒத்துவரும்?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி! ஆர். பிரசன்னா எலக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசித்துக் காட்டியிருக்கிறார். அதனால் முடியுமா என்ற சந்தேகம் வேண்டாம். தந்தியை இழுத்தால் சுருதி ஏறும், இறங்காது. ஆகவே இழுப்பும் வழுக்கலும் தாராளமாக வர வேண்டும். 9 கேஜ் எனும் மெல்லிய தந்தி போடுங்கள். ஃப்ரெட் கொஞ்சம் உயரமாக இருந்தால் விரல் மரத்தில் உரசாது. ஸ்கேல் நீளத்தையும் (தந்தி அதிரும் நீளம்) கேளுங்கள். ஃபெண்டர் வகை பொதுவாக 25.5 அங்குலம், கிப்ஸன் வகை 24.75 அங்குலம். ஒரே சுருதியில் குட்டையானதில் தந்தி தளர்வாக இருக்கும், இழுக்கச் சுலபம்.

ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழித்த ஸ்காலப்டு நெக்கும் உண்டு. வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால் கிடைக்கும் சுதந்திரம் ஓரளவு இதில் கிடைக்கும். ஆனால் அழுத்திப் பிடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு ஒவ்வொரு ஸ்வரமும் சற்று ஏறியே ஒலிக்கும். முதல் கிட்டாருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்பிரிங்கில் மிதக்கும் ஃப்ளாய்டு ரோஸ் பிரிட்ஜும் வேண்டாம். ஒரு தந்தியை இழுத்தால் மற்றவற்றின் சுருதி நழுவும். அசையாத ஹார்ட்டெயில் பிரிட்ஜே நல்லது.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: பிரிட்ஜ் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கைப் பாருங்கள். லேசான வளைவு பரவாயில்லை, முறுக்கியிருந்தால் நடையைக் கட்டுங்கள். எல்லாத் தந்தியையும் எல்லா ஃப்ரெட்டிலும் வாசியுங்கள். ட்ரஸ் ராட் திரும்புகிறதா என்று கேளுங்கள், இறுகிப்போனது பெரிய செலவு. குமிழைத் திருப்பும்போது கரகர சத்தம் வந்தால் பெரும்பாலும் தூசிதான். பேரம் பேச மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிப்ஸன் வகையில் தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருப்பதால், கீழே விழுந்தால் நட்டுக்கு (நெக் முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டைக்கு) பின்னால்தான் உடையும். அங்கே மயிரிழை விரிசலைத் தேடுங்கள்.

கேள்வி: தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது. மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது. கிட்டார் கோளாறா?

பதில்: முதலாவது கோளாறே இல்லை. தந்திகள் பிரிட்ஜ், கேபிள், ஆம்ப் வழியாக எர்த்தோடு இணைந்திருப்பதால் அப்படித்தான் குறையும். இரண்டாவதுதான் ஆபத்து. ஆம்ப் அல்லது மைக் பக்கத்துப் பிளக்கில் எர்த் சரியில்லை என்று அர்த்தம். இரைச்சல் போகட்டும் என்று எர்த் பின்னைக் கழற்றும் ஆட்களும் இருக்கிறார்கள், அதைச் செய்யவே கூடாது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அந்த பிளக்கில் எதையும் செருகாதீர்கள்.