தலைப்பு இருக்கிறது, கேள்வி எங்கே? ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர்களுக்குப் பதில்கள்

பருவத் தேர்வுக்கு முன் ஆய்வுக் கட்டுரைகளைச் சமர்ப்பிக்கும் காலம் இது. மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் வரலாறு கற்பிப்பவள் என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

கேள்வி: மேடம், நான் சேலத்தில் முதுகலை வரலாறு படிக்கிறேன். "தாது வருடப் பஞ்சம் – ஓர் ஆய்வு" என்று தலைப்பு எடுத்தேன். நெறியாளர் "இது மிகப் பெரியது, சுருக்கு" என்கிறார். எப்படிச் சுருக்குவது?

பதில்: உங்கள் நெறியாளர் சொல்வது சரி. "ஓர் ஆய்வு" என்று முடியும் தலைப்பில் எதைத் தேடுகிறோம் என்பதே இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் என்று பரவிய பஞ்சம் அது. நாற்பது பக்கத்தில் அதைச் சொல்லப் புகுந்தால் பாடநூலில் உள்ளதையே திரும்ப எழுதுவீர்கள்.

உங்கள் ஊரிலிருந்தே தொடங்குங்கள். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் சுமார் 19.7 லட்சம் பேர் இருந்தார்கள். 1881இல் சுமார் 16 லட்சம் பேர்தான் இருந்தார்கள். இந்த 3.7 லட்சம் பேர் என்ன ஆனார்கள்? ஆய்வு இங்கேதான் பிறக்கிறது. "பஞ்சத்தில் செத்தார்கள்" என்று ஒரு வரியில் எழுதிவிடாதீர்கள். எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் இலங்கைத் தோட்டங்களுக்கும் வேறு மாவட்டங்களுக்கும் போனார்கள், அந்த ஆண்டுகளில் பிறப்பு எவ்வளவு குறைந்தது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். 1871 கணக்கெடுப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வியும் உண்டு. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே உங்கள் கட்டுரைக்குப் போதும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 1877 ஜனவரியில் பஞ்ச நிலைமையைப் பார்க்க இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கான அன்றாடக் கூலியை ஒரு பவுண்டு தானியத்தின் விலை, அதோடு ஒரு சிறு தொகை என்ற அளவுக்குக் குறைத்தார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிரைத் தாங்காது என்று எதிர்த்தார். இருவரும் முன்வைத்த வாதங்கள் அச்சில் உள்ளன. எந்தச் சான்றை வைத்து ஒருவர் "போதும்" என்றார், எதை வைத்து மற்றவர் "போதாது" என்றார்? ஒரு நல்ல கட்டுரைக்கு இந்த ஒரு வாக்குவாதமே தாராளம்.

கேள்வி: அதே பஞ்சத்தைப் பற்றித்தான் நானும் எழுதுகிறேன். சுதேசமித்திரனின் பழைய இதழ்களைப் பார்க்கலாமா?

பதில்: சுதேசமித்திரன் தொடங்கியதே 1882இல்தான். இந்து நாளிதழின் தொடக்கமும் 1878 செப்டம்பர். அதற்குள் பஞ்சத்தின் கொடிய மாதங்கள் கடந்துவிட்டன. எந்தச் சான்றைத் தேடிப் போகும் முன்பும் அது அந்தக் காலத்தில் இருந்ததா என்று பாருங்கள். சென்னையிலிருந்து வந்த ஆங்கில இதழ்களையும், ஓர் ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்து நிவாரண நிதிக்கும் செயலாளராகப் பணியாற்றிய வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட நூலையும் பாருங்கள். பஞ்சத்தைப் பாடும் பஞ்சக் கும்மிப் பாட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். அரசு அறிக்கையில் எண்ணிக்கை இருக்கும், கும்மியில் பசித்தவர்களின் குரல் இருக்கும். இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தாது ஆண்டு 1876 சித்திரையில் தொடங்கியது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1936இலும் வரும். பாட்டிலோ ஏட்டிலோ "தாது" என்று கண்டவுடன் 1876 என்று எழுதிவிடாமல், உள்ளே வேறு ஆதாரம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: ஊரில் நல்ல நூலகம் இல்லை. என்ன செய்வது?

பதில்: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் உள்ளன. உங்கள் தலைப்பில் முன்பே யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று அங்கே பார்த்துவிட்டுத்தான் எழுதத் தொடங்க வேண்டும். இலங்கை தொடர்பான தலைப்பு என்றால் 'நூலகம்' என்ற பெயருள்ள இணையத்தளம் பெரும் உதவி. சென்னைக்கு வர முடிந்தால் எழும்பூரில் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. துறைத்தலைவர் கையொப்பமிட்ட கடிதத்தை எடுத்து வாருங்கள். என்ன பார்க்கப் போகிறீர்கள் என்ற பட்டியலை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் நூலகர்கள் மனமுவந்து உதவுவார்கள்.

கேள்வி: விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டலாமா?

பதில்: படிக்கலாம், மேற்கோளாகக் காட்ட வேண்டாம். பக்கத்தின் அடியில் உள்ள சான்றுகளுக்குப் போய் அவற்றை நேரில் படியுங்கள்.

கேள்வி: கட்டுரை பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை என்கிறார்களே?

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வேட்டில் 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். உரிய முறையில் காட்டிய மேற்கோள்கள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை.

ஆனால் நேர்மையை இந்த எண்ணால் அளக்க முடியாது. ஒருவருடைய வாதத்தை எடுத்துச் சொற்களை மட்டும் மாற்றி எழுதினால் மென்பொருளுக்குத் தெரியாமல் போகலாம். படிக்கிற ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். குறிப்பெடுக்கும்போதே பிறர் வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் எழுதி, பக்க எண்ணையும் உடனே பக்கத்தில் போடுங்கள். ஒரு மாதம் கழித்துக் குறிப்பேட்டைப் பார்த்தால் எது உங்கள் வாக்கியம், எது நூலாசிரியருடையது என்று உங்களுக்கே தெரியாது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் துணைநூற்பட்டியலே தந்துவிடுகிறது. பயன்படுத்தலாமா?

பதில்: அப்பட்டியலில் இல்லாத நூல்களும் இருக்கும். ஆசிரியர் பெயர் உண்மையாகவும் நூற்பெயர் கற்பனையாகவும் இருப்பது உண்டு. நீங்கள் கையில் எடுத்துப் படிக்காத எதுவும் உங்கள் பட்டியலில் வரக்கூடாது. உங்கள் கல்லூரி இந்தக் கருவிகளை அனுமதிக்கிறதா, எந்த அளவுக்கு என்பதையும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் இளங்கலைப் பொருளியல் மாணவன். மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பற்றி வினாநிரல் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 30 பேர் பதில் தந்தார்கள். "தமிழகப் பெண்களில் 70 சதவீதம் பேர் பயனடைந்தனர்" என்று எழுதலாமா?

பதில்: எழுதக்கூடாது, தம்பி. 30 பேரில் மூன்று பேர் பதிலை மாற்றினாலே 10 சதவீதம் மாறிவிடும். அதைவிட முக்கியமானது, உங்கள் கேள்விகள் யாரிடம் போய்ச் சேர்ந்தன என்பது. திறன்பேசி இல்லாத பெண்ணும், கடன் கட்ட முடியாமல் குழுவை விட்டு விலகிய பெண்ணும் உங்கள் 30 பேரில் இல்லை. "பதில் தந்த 30 பேரில் 21 பேர் பயனடைந்ததாகக் கூறினர்" என்று எழுதுங்கள். முடிந்தால் ஒரே ஊரில் ஒரே குழுவைத் தேர்ந்து, விலகியவர்களையும் நேரில் பார்த்துப் பேசுங்கள். பேசும் முன் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லி அவர்கள் சம்மதம் பெறுங்கள். கட்டுரையில் பெயர்களை மாற்றிவிடுங்கள். கடன் விவரம் ஊருக்குத் தெரிவதால் ஏற்படும் வலி அவர்களுக்குத்தான்.

கேள்வி: பத்து நாள்தான் இருக்கிறது. முன்னுரையைத் தாண்டவே முடியவில்லை, மேடம்.

பதில்: முன்னுரையை இன்றே மூடி வையுங்கள். அதைக் கடைசியில் எழுதலாம். உங்களிடம் இருப்பதில் வலுவான சான்று எதுவோ, அது ஓர் அட்டவணையோ கடிதமோ பேட்டியோ, அதை எடுத்து வைத்துக்கொண்டு "இது எனக்கு என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை" என்று மூன்று பக்கம் எழுதுங்கள். அதுவே நடு இயல் ஆகும். நாளை அதை நெறியாளரிடம் காட்டுங்கள். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. பத்தாம் நாள் முழுக் கட்டுரையோடு போனால் அவரால் திருத்த முடியாது.