பிறர் எழுதிய நிரலை நம் திட்டத்தோடு இணைப்பது எப்படி?

கேள்வி: நாங்கள் நால்வர் சேர்ந்து, கமக்காரர் அமைப்புகளின் சிறுபோகக் காணிப் பங்குகளைப் பதியும் மென்பொருள் ஒன்றை எழுதி வருகிறோம். அறிக்கைகளைப் பிடிஎப் ஆக்குவதற்காகத் திறந்த மூல நிரல்தொகுதி ஒன்றை எங்கள் கோப்புறைக்குள் படியெடுத்து, தமிழ் எழுத்தின் கொம்பு பின்னால் விழும் குறையை அதற்குள்ளேயே திருத்தினோம். அதன் புதிய பதிப்பைப் பழையதன் மேல் படியெடுத்ததும் எங்கள் திருத்தங்கள் மறைந்துவிட்டன. நிரல் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிட் கருவியைப் பயன்படுத்தியும் இப்படி நேர்ந்தது ஏன்?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: திருத்தங்களை நீங்கள் கொமிட் செய்திருந்தால், அதாவது கிட்டில் பதிந்திருந்தால், அவை வரலாற்றில் பத்திரமாகவே இருக்கின்றன. மேலெழுதிய கொமிட்டை ரிவர்ட் செய்து பழைய நிலைக்குத் திரும்பிவிட்டு மேலே படியுங்கள்.

கோப்பின் மேல் கோப்பைப் படியெடுப்பது இணைப்பு ஆகாது. கிட் இணைக்கும்போது உங்கள் வடிவம், வந்த வடிவம், இரண்டுக்கும் பொதுவான மூதாதை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டே எந்த வரியை யார் மாற்றினார் என்று கண்டுகொள்கிறது. அந்த மூதாதையை, அதாவது நீங்கள் கை வைப்பதற்கு முன்பிருந்த தொகுதியை, நீங்கள் தனியே பதிந்து வைக்கவில்லை. கனகராயன் ஆற்று நீர் இரணைமடுக் குளத்தில் கலந்த பிறகு எது ஆற்று நீர், எது மழை நீர் என்று கேட்டால் யார் சொல்ல முடியும்?

ஆகவே மூன்றாம் தரப்பு நிரலுக்கென்று தனிக் கிளை ஒன்றை, அதாவது கொமிட்டுகளின் தனி வரிசை ஒன்றை, வைத்துக்கொள்ளுங்கள். கிட் 2005இல் வருவதற்கு முன்பே சிவிஎஸ் என்ற பழைய கருவியில் இதற்கு ‘வென்டர் பிராஞ்ச்’ (வழங்குநர் கிளை) என்ற பெயரோடு வசதி இருந்தது. முதலில் எடுத்த அதே பழைய பதிப்பைத் தேடி, அதைப் படியெடுத்ததற்கு முந்தைய கொமிட்டிலிருந்து புதுக் கிளை தொடங்கி, திருத்தம் எதுவுமின்றி அதே கோப்புறையில் இட்டுப் பதியுங்கள். பின்னர் அக்கிளையை முதன்மைக் கிளைக்குள் ‘அவர்ஸ்’ (நம்முடையது) என்ற இணைப்பு உத்தியால் இணையுங்கள். கோப்புகளில் ஓர் எழுத்தும் மாறாது, ஆனால் பொது மூதாதை எது என்பது பதிவாகிவிடும். (இதே பெயரில், இரு தரப்பும் ஒரே இடத்தை மாற்றியதால் எழும் மோதல்களை மட்டும் தீர்க்கும் தெரிவு ஒன்றும் உண்டு, இங்கு வேண்டியது அதுவன்று.) அதன் பிறகு வென்டர் கிளையில் பழைய கோப்புகளை முழுவதும் அகற்றி, புதிய பதிப்பை விரித்துப் பதிந்து, வழக்கம்போல முதன்மைக் கிளைக்குள் இணையுங்கள். பழையவற்றை அகற்றாவிட்டால் மூல ஆசிரியர் கைவிட்ட கோப்புகள் உங்களிடம் தங்கிவிடும். அக்கிளையில் ஒருபோதும் உங்கள் கையால் எதையும் திருத்தாதீர்கள். உரிமக் கோப்பையும் நீக்காதீர்கள்.

மோதல் எதுவும் காட்டாமல் இணைந்துவிட்டால் மகிழ்ந்துவிடவும் வேண்டாம். கிட் வரிகளை ஒப்பிடுகிறதே தவிர, பொருளை அறியாது. கொம்புக் குறையை மூல ஆசிரியரே புதிய பதிப்பில் வேறொரு கோப்பில் சரிசெய்திருந்தால், அவர் திருத்தமும் உங்கள் திருத்தமும் அடுத்தடுத்து இயங்கி எழுத்து மீண்டும் இடம் மாறி விழலாம். கெ, கொ, கோ, கௌ எழுத்துகளும் ‘பொன்னகர்’, ‘கொக்கிளாய்’ போன்ற ஊர்ப்பெயர்களும் கொண்ட சோதனைத் தாள் ஒன்றை இணைப்புக்கு முன்னும் பின்னும் அச்சிட்டு ஒப்பிடுங்கள். அவர் சரிசெய்துவிட்டார் என்று தெரிந்தால் உங்கள் திருத்தத்தைக் கைவிடுங்கள். இல்லையேல் அதை அவருக்கே அனுப்பிவையுங்கள், ஒவ்வொரு பதிப்புக்கும் சுமக்க வேண்டியிராது.

சப்மொடியூல் வைக்கலாமே என்று நண்பர்கள் சொல்லக்கூடும். அது பிறர் களஞ்சியத்தின் (கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்த கிட் தொகுப்பின்) ஒரு கொமிட்டைச் சுட்டும் குறிப்பை மட்டுமே உங்கள் களஞ்சியத்தில் வைக்கிறது. கோப்புகளைத் தனியே இறக்க வேண்டும். ஒட்டுசுட்டானில் இணைய இணைப்பு தளர்ந்திருக்கும் நாளில் புதிதாகச் சேரும் ஒருவருக்கு அது தொல்லை. திருத்தம் செய்யாத தொகுதிக்கு அது போதும். நீங்கள் திருத்தியிருப்பதால் கோப்புகள் உங்கள் களஞ்சியத்திலேயே இருப்பது நல்லது. இதே வேலையைச் செய்யும் சப்ட்ரீ கட்டளையையும் பழகிப் பார்க்கலாம். ஆனால் முதல் தடவை, பிறர் வரலாற்றை ஒரே கொமிட்டாகச் சுருக்கும் ஸ்குவாஷ் தெரிவோடு சேர்த்தால் அடுத்த தடவைகளிலும் அதே தெரிவோடுதான் இழுக்க வேண்டும்.