அம்பாசமுத்திரத்துத் தம்பிக்கு, பாட்டைப் பற்றி

அம்பாசமுத்திரத்திலிருந்து மான்செஸ்டருக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். ராத்திரி இளையராஜா பாட்டுக் கேட்டால் அழுகை வருகிறது, நிறுத்திவிடலாமா? ஆபீஸ் விருந்தில் எல்லாரும் சேர்ந்து இங்கிலீஷ் பாட்டுப் பாடும்போது வாயடைத்து நிற்க வேண்டியிருக்கிறது, என்ன செய்யலாம் அண்ணாச்சி?

நிறுத்த வேண்டாம் தம்பி. அழுகை வந்தால் வரட்டும். ஆனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போர்வைக்குள் கிடந்து கேட்பதை விட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் பாட்டு என்றைக்குத் தனியாகக் கேட்கிற சமாச்சாரமாக இருந்தது? கோயில் கொடைத் திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டினால் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு அடுத்த ஊர் வரைக்கும் போகும். வில்லுப்பாட்டு என்றால் தெருவே விடிய விடிய உட்கார்ந்திருக்கும். எங்கள் அப்பா காலத்து ஆட்கள் டீக்கடை வாசலில் நின்று இலங்கை வானொலி கேட்டவர்கள். இப்படிக் கூட்டத்தோடு கேட்டு வளர்ந்தவருக்கு, தனி அறையில் அதே பாட்டு ஓடும்போது பக்கத்தில் ஆள் இல்லாததுதான் உறைக்கும். பாதி அழுகை அதனால்தான் என்று நினைக்கிறேன். சமைக்கும்போது சத்தமாகப் போடுங்கள். கூட இருக்கிறவர் என்ன பாட்டு என்று கேட்டால் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது, இங்கிலீஷ் பாட்டு நமக்கு அந்நியம் என்று எழுதியிருக்கிறீர்கள். திருநெல்வேலிச் சீமைக்காரர் அப்படி நினைக்கவே வேண்டியதில்லை. எட்டயபுரத்தில் 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், வெள்ளைக்கார பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதியவர். நோட்டுஸ்வரம் என்பது அதுதான். இங்கே அரசருக்கு எழுந்து நின்று பாடுகிறார்களே, அந்த மெட்டிலும் அவர் ஒன்று செய்திருக்கிறார்.

பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் கோயில்களில் ஒரே ஆராதனையில் ஞானப்பாட்டு இங்கிலீஷ் மெட்டில் வரும், கீர்த்தனை நம் ராகத்தில் வரும். ‘என்னோடிரும் மா நேச கர்த்தரே’ என்ற பாட்டை, நீங்கள் கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும், ஏதாவது ஒரு துக்க வீட்டில் கேட்டிருப்பீர்கள். அது ஹென்றி பிரான்சிஸ் லைட் 1847இல் எழுதியது. மெட்டு வில்லியம் ஹென்றி மங்க் போட்டது, 1861. இங்கே எஃப்.ஏ. கோப்பை கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு முன்னால் 1927 முதல் அதைப் பாடுகிறார்கள். பந்து பார்க்க வந்த கூட்டம் வெம்ப்ளியில் அதைப் பாடுவதை முதன்முதலாக டிவியில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. அந்தப் பாட்டு ஏற்கெனவே என் காதில் இருந்தது, நம் ஊர்க் குரலில்.

அப்புறம், அவர்கள் பாட்டிலும் ஊர் ஏக்கம்தான் நிறைய இருக்கிறது. விருந்தில் தவறாமல் வரும் ஜான் டென்வரின் ‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’ பாட்டு (1971) மேற்கு வர்ஜீனியாவைப் பற்றியது. இங்கே உருகிப் பாடுகிறவர்கள் அந்தப் பக்கம் போயே இருக்க மாட்டார்கள், ஆனாலும் கண் கலங்குவார்கள். ‘சொர்க்கமே என்றாலும்’ வேறென்ன சொல்கிறது? அதுவும் கடல் கடந்து போன ஆட்களின் கதையில், 1990இல் வந்த பாட்டுதான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். உங்கள் முறை வரும்போது கூச்சப்படாமல் ராஜா பாட்டையே பாடுங்கள். அர்த்தத்தை இரண்டு வரியில் முதலிலேயே சொல்லிவிட்டால் போதும், கேட்பார்கள்.

வருஷக் கடைசி ராத்திரிக்கு மட்டும் கொஞ்சம் தயாராகிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி அடித்ததும் ராபர்ட் பர்ன்ஸின் ‘ஆல்ட் லாங் சைன்’ என்ற பழைய நட்புப் பாட்டைப் பாடுவார்கள். அது 1788இல் ஸ்காட்லாந்துப் பேச்சில் எழுதியது, இங்கிலீஷ்காரர்களுக்கே முழுசாகத் தெரியாது. முதல் பத்தியும் பல்லவியும் மனப்பாடம் பண்ணினால் போதும். கையைக் குறுக்கே கோர்ப்பது கடைசிப் பத்திக்குத்தான், அதுவரை சும்மா கைபிடித்து நில்லுங்கள்.