துறைத் தலைவரின் பெயரை என் கட்டுரையில் சேர்க்க வேண்டுமா?
மருத்துவ ஆய்விதழ் நெறிமுறைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: கட்டுரையில் யார் பெயர் வரலாம், யார் பெயர் வரக்கூடாது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: முதுநிலை மருத்துவ மாணவி நான். என் ஆய்வேட்டிலிருந்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். துறைத் தலைவர் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் அவர் பெயர் இல்லாமல் கட்டுரை போகாது என்கிறார்கள். மறுத்தால் என் படிப்புக்கே சிக்கல் வருமோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. அதனால் விதியை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட மாட்டேன்.

முதலில் விதி. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது. ஆய்வைத் திட்டமிட்டதிலோ, தரவைச் சேகரித்ததிலோ, அலசி விளக்கியதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது கருத்தளவில் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். நாளை யாராவது கேள்வி எழுப்பினால் பதில் சொல்லப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் ஒருவர் கட்டுரையாளர். பதவி, நிதி வாங்கித் தந்தது, ஆய்வகத்தைத் திறந்துவிட்டது இவற்றுக்கெல்லாம் நன்றியுரையில் இடம் உண்டு.

நான்காவது நிபந்தனை 2013இல்தான் சேர்ந்தது. அது ஏன் தேவை என்பதற்கு ஒரு பழைய சம்பவம் போதும். 1994இல் பிரிட்டனின் மகப்பேறு ஆய்விதழ் ஒன்றில் மால்கம் பியர்ஸ் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கருப்பைக்கு வெளியே தங்கிய கருவைக் கருப்பைக்குள் மாற்றி வைத்ததாகவும், குழந்தை நல்லபடியாகப் பிறந்ததாகவும் எழுதியிருந்தார். அப்படி ஒரு நோயாளியே இருந்ததில்லை. கட்டுரையில் ஜெஃப்ரி சேம்பர்லின் பெயரும் இருந்தது. அவர்தான் அந்த இதழின் ஆசிரியர். ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் தலைவரும்கூட. அந்த வேலையில் அவருக்குப் பங்கே இல்லை. மரியாதைக்காகச் சேர்ந்த பெயர் அது. இரண்டு பதவிகளையும் அவர் இழந்தார். தன் பெயரைக் கேட்டு வாங்குகிற மூத்தவருக்கு இந்த ஆபத்து தெரிந்திருக்க வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நேருக்கு நேர் மறுக்க வேண்டியதில்லை. அவருக்கு உண்மையாகவே பங்களிக்க ஒரு வாய்ப்பு கொடுங்கள். கட்டுரையை முடிப்பதற்கு முன்பே முடிவுகளின் அட்டவணைகளோடு போய் உட்காருங்கள்: “ஐயா, இந்த எண்களை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன், நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?” மூத்தவர்கள் பலரிடம் அனுபவம் கொட்டிக் கிடக்கிறது, கேட்டால் கட்டுரையே மாறிப்போகும். தரவை விளக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு அமைந்து, வரைவையும் திருத்தி, பொறுப்பும் ஏற்றால், அவர் பெயர் வருவதில் தவறே இல்லை. மேலோட்டமாக நாலு பிழை திருத்தியது மட்டும் போதாது.

அப்புறம், யார் என்ன செய்தார்கள் என்ற பங்களிப்புப் படிவத்தைப் பல இதழ்கள் கேட்கின்றன. அதில் அவருக்குரிய வரியை அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத எதுவும் இல்லாதவர் பெரும்பாலும் நன்றியுரைக்குத் தாமே சம்மதித்துவிடுவார்.

கேள்வி: அரிய தோல் நோய் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். நோயாளியின் கண்களைக் கறுப்புப் பட்டையால் மறைத்துவிட்டேன், பெயரும் இல்லை. தனியாக ஒப்புதல் வேண்டுமா?

வேண்டும். கண்ணை மறைப்பது போதாது என்று ஐசிஎம்ஜேஇ வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. அம்மா தன் பிள்ளையை மோவாயை வைத்தே அடையாளம் கண்டுகொள்வார்.

படமே இல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும். வயது, தொழில், அனுமதிக்கப்பட்ட தேதி, அரிய நோய் நான்கும் சேர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரிந்துவிடும். ஒருமுறை ஒரு இதழுக்காக, வெளியிடலாமா என்று பார்த்துச் சொல்ல நான் மதிப்பாய்வு செய்த கட்டுரையில் பெயர், முகம் எல்லாம் பத்திரமாக நீக்கப்பட்டிருந்தன. ஆனால் ஸ்கேன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மேல் மூலையில் சாம்பல் நிறத்தில் நோயாளியின் முழுப் பெயரும் பிறந்த தேதியும். எழுதிய நால்வருமே அதைக் கவனிக்கவில்லை. படங்களை அனுப்பும் முன் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

சிகிச்சைக்கு வாங்கிய கையெழுத்து வெளியீட்டுக்குச் செல்லாது. எழுத்துபூர்வமாகத் தனி ஒப்புதல் வாங்குங்கள். வெளிவரப்போகும் வடிவத்தைக் காட்டி, இது இணையத்தில் வந்தால் திரும்ப எடுக்க முடியாது என்பதையும் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். நோயாளி இறந்திருந்தால் நெருங்கிய உறவினரிடம் கேளுங்கள். மறைப்பதற்காக வயதையோ பாலினத்தையோ மாற்றி எழுதிவிடாதீர்கள். அது பொய்த் தரவு. தேவையில்லாத விவரத்தை விட்டுவிடலாம், மாற்றக்கூடாது.

கேள்வி: ஒரே கட்டுரையை இரண்டு இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாமா?

கூடாது. இரண்டு இடத்திலும் மதிப்பாய்வாளர்கள் சம்பளமில்லாமல் உழைப்பார்கள். இரண்டிலும் வெளிவந்தால் இன்னும் மோசம்: பின்னால் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துக் கணக்குப் போடுபவர், அதே நோயாளிகளை இரண்டு முறை எண்ணிவிடுவார். ஒரு இதழ் மறுத்த பிறகோ, நீங்களே முறையாகத் திரும்பப் பெற்ற பிறகோ அடுத்ததற்கு அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் சோதனையில் புதிய மருந்துக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. “இதை யார் போடுவார்கள், விட்டுவிடு” என்கிறார் வழிகாட்டி.

விடாதீர்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் லோர்கெய்னைடு என்ற மருந்தை 1980இல் சோதித்தார்கள். மொத்தம் நூறு பேர்கூட இல்லை. மருந்து எடுத்தவர்களில் 9 பேர் இறந்தார்கள். ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் ஒருவர். தற்செயல் என்று நினைத்துவிட்டார்கள். வணிகக் காரணங்களால் மருந்தும் கைவிடப்பட, முடிவு அலமாரியிலேயே கிடந்தது. அதற்குள் அதே வகை மருந்துகள் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தன. அவற்றில் என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு இரண்டும் சாவைக் கூட்டுகின்றன என்று ஒரு பெரிய சோதனையில் தெரியவர, 1989இல் அந்தச் சோதனையில் அவற்றைக் கொடுப்பதை நிறுத்தினார்கள். 1980 சோதனையை நடத்தியவர்கள் 1993இல்தான் அதை வெளியிட்டார்கள். அப்போதே வெளியிட்டிருந்தால் முன்னெச்சரிக்கையாக இருந்திருக்கலாம் என்று தாங்களே எழுதினார்கள். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கும்.

மருத்துவச் சோதனைகளை முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்று 2005 முதல் ஐசிஎம்ஜேஇ இதழ்கள் கேட்பதற்குக் காரணமும் இதுதான். பதிவு இருந்தால் முடிவு எங்கே என்று கேட்க ஆள் இருக்கும். உங்கள் வழிகாட்டியிடம் பதிவு எண்ணைக் காட்டிப் பேசுங்கள். சோதனைக்கு உடம்பைக் கொடுத்தவர்களுக்கு நாம் பட்ட கடன் அது.

கேள்வி: மாநாட்டுக்குப் போக ஒரு மருந்து நிறுவனம் பயணச் செலவு தந்தது. என் கட்டுரை வேறு மருந்தைப் பற்றியது. சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுங்கள். நிறுவனங்களோடு உள்ள பணத் தொடர்புகளைச் சொல்லும் ஐசிஎம்ஜேஇ படிவம் கடந்த 36 மாதங்களைக் கேட்கிறது. சொன்னதால் மட்டும் கட்டுரை நிராகரிக்கப்படுவது அபூர்வம். மறைத்தது பின்னால் தெரிந்தால் சரியான எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு, தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடரும் வழக்கறிஞர்கள் தரப்பிலிருந்து பணம் பெற்றதைச் சொல்லவில்லை. கட்டுரை திரும்பப் பெறப்பட 2010 ஆனது.

கேள்வி: மொழியைச் சரிசெய்ய சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தலாமா?

பெரும்பாலான இதழ்கள் அனுமதிக்கின்றன. பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டும். அதைக் கட்டுரையாளராகப் போட முடியாது, ஏனென்றால் அதனால் பொறுப்பேற்க முடியாது. அது தரும் மேற்கோள் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இல்லாத கட்டுரையை இருப்பதுபோலவே எழுதித் தரும். மதிப்பாய்வுக்கு உங்களிடம் வந்த பிறருடைய கட்டுரையை இதழின் அனுமதியில்லாமல் அதில் ஏற்றவே கூடாது. அது உங்களை நம்பித் தந்த ரகசியம்.

கேள்வி: போன வருடம் வெளிவந்த என் கட்டுரையில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன். இரண்டு குழுக்களின் எண்கள் ஒரு அட்டவணையில் இடம் மாறியிருக்கின்றன. யாரும் கவனிக்கவில்லை. சொன்னால் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்வார்களோ?

இதழாசிரியருக்கு இன்றைக்கே எழுதுங்கள். பிழை அட்டவணையோடு நின்று முடிவு மாறாமல் இருந்தால், ஒரு திருத்த அறிவிப்போடு முடிந்துவிடும். முடிவே மாறினாலும், நேர்ந்தது நேர்மையான தவறு என்றால், பழையதைத் திரும்பப் பெற்றுத் திருத்திய கட்டுரையை அதே இடத்தில் போடும் வழக்கம் சில இதழ்களில் உண்டு. நீங்களாகச் சொன்னதற்கும் அடுத்தவர் கண்டுபிடித்ததற்கும் உள்ள வித்தியாசத்தை இதழாசிரியர்கள் நன்றாகவே அறிவார்கள். அந்த அட்டவணையை வைத்து யாரோ ஒரு மருத்துவர் மருந்தளவை முடிவுசெய்துகொண்டிருக்கலாம். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

கடிதம் சின்னதாகவே இருக்கட்டும். எந்தப் பக்கம், எந்த அட்டவணை, அச்சானது என்ன, சரியான எண் என்ன, தவறு எப்படி நேர்ந்தது, முடிவு மாறுகிறதா. மூலத் தரவையும் இணையுங்கள். அனுப்பும் முன் உடன் எழுதியவர்கள் எல்லோரிடமும் காட்டிவிடுங்கள். அவர்கள் இதை இதழிலிருந்து தெரிந்துகொள்ளக் கூடாது.