சூப்பர்சார்ஜருக்கு ஏற்ற கம்ப்ரெஷன் விகிதம் எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் காரின் எஞ்சின் 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர். கம்ப்ரெஷன் விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற அளவு) 10:1. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளி, 0.5 பார் பூஸ்ட் (ஏறத்தாழ 1 பார் உள்ள வெளிக்காற்றுக்கு மேல் கூடுதல் அழுத்தம்) தரும் சூப்பர்சார்ஜரை அதில் பொருத்த எண்ணியுள்ளேன். விகிதத்தை 8:1 ஆகக் குறைத்தே தீர வேண்டும் என்கிறார் மெக்கானிக். அது அவசியமா?

பதில்: எஞ்சின் உடையக் கூடாது என்ற கவலையில் அவர் அப்படிச் சொல்கிறார், ஆனால் அவ்வளவு தூரம் இறங்கத் தேவையில்லை. எந்தப் பெட்ரோல் கிடைக்கும், சிலிண்டருக்குள் நுழையும் காற்று எவ்வளவு சூடாக இருக்கும், பூஸ்ட் எவ்வளவு என்ற மூன்றையும் முடிவு செய்த பிறகே விகிதத்துக்கு வர வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஸ்பார்க் பற்றவைத்த தீ சிலிண்டரின் மறுகோடியை எட்டுவதற்கு முன்பே, அங்கே எரியாமல் மிஞ்சியிருக்கும் கலவை, அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே பற்றிக்கொள்வதுதான் நாக்கிங். அதைத் தவிர்க்கவே விகிதத்தைக் குறைக்கிறோம். அந்தக் குறைப்புக்கு ஒரு விலை உண்டு. பெட்ரோல் எஞ்சின் இயங்கும் ஓட்டோ (Otto) சுழற்சியின் ஏட்டுக் கணக்குப்படி 10-லிருந்து 8-க்கு இறங்கினால், அதே எரிபொருளிலிருந்து கிடைக்கும் வேலை ஏறத்தாழ 6 சதவீதம் குறைகிறது. பூஸ்ட் ஏறியிருக்கும்போது கூடுதலாக நுழையும் காற்று இந்த இழப்பை எளிதில் ஈடுகட்டிவிடும். ஆனால் ஊருக்குள் பூஸ்ட் இல்லாமல் ஊர்ந்து செல்லும் நேரமெல்லாம் அந்த இழப்பு உங்களுடையதே.

ஆகவே சூப்பர்சார்ஜரின் வகையும் முக்கியம். ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகைகள் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியவுடன் குறைந்த ஆர்.பி.எம்.-லேயே பூஸ்ட் தருவதால், குறைந்த விகிதத்தின் மந்தத்தை மறைத்துவிடும். சென்ட்ரிஃப்யூகல் வகையிலோ பூஸ்ட் ஏறத்தாழ வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது; பாதி ஆர்.பி.எம்.-இல் கால் பங்குதான் கிடைக்கும். அதற்கு 8:1 வைத்தால் கார் நடுவேகத்தில் சோம்பிக் கிடக்கும்.

95 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் எண்) பெட்ரோலும், அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் நல்ல இன்டர்கூலரும் இருந்தால் 9:1, இன்டர்கூலர் இல்லையென்றால் 8.5:1 என்பது என் கருத்து. பிஸ்டனைத் தொடவே மனமில்லையெனில் விகிதத்தை 10-இலேயே விட்டு, பூஸ்டை 0.3 பார் அளவில் நிறுத்தி, இக்னிஷன் டைமிங்கைக் கவனமாகத் திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: விகிதம் 10, பூஸ்ட் 0.5 பார் என்றால் 10 × 1.5 = 15; ஆகவே எஞ்சின் 15:1 போல நடந்துகொள்ளும் என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். இதை நம்பலாமா?

பதில்: ஓர் அமைப்பை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்; அதற்கு மேல் நம்ப வேண்டாம். அந்தப் பெருக்கல், காற்றின் சூட்டையோ, இன்டேக் வால்வு மூடும் நேரத்தையோ, எரியறையின் வடிவத்தையோ கணக்கில் கொள்வதில்லை. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் வால்வு சற்று நேரம் திறந்தே இருப்பதால், ஏட்டில் உள்ள விகிதம் முழுவதும் கலவையின் மேல் செயல்படுவதில்லை. 1993-இல் மஸ்டா கொண்டுவந்த 2.3 லிட்டர் மில்லர் சுழற்சி வி6 எஞ்சின், இந்த உண்மையையே ஆயுதமாக்கியது. வால்வை மிகத் தாமதமாக மூடி, அதனால் குறையும் காற்றை லைஷோம் (ட்வின் ஸ்க்ரூ) வகை கம்ப்ரஸரால் நிரப்பி, 10:1 விகிதத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

கேள்வி: இன்டர்கூலர் உண்மையில் அவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குமா?

பதில்: உண்டாக்கும். வெளியே 35 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 சதவீதத் திறனுள்ள ஒரு ரூட்ஸ் சூப்பர்சார்ஜர் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தினால், அது ஏறத்தாழ 98 டிகிரியில் வெளிவரும். ஏறிய சூட்டில் 70 சதவீதத்தை இன்டர்கூலர் திரும்ப எடுத்தால் 55 டிகிரிக்கு அருகில் வந்துவிடும். பிஸ்டன் மாற்றச் செலவிடும் முன் அந்தப் பணத்தை இதில் போடுங்கள்.

கேள்வி: தடித்த ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போட்டு விகிதத்தைக் குறைக்கலாமா? செலவு மிகக் குறைவு என்கிறார்கள்.

பதில்: செலவு குறைவுதான், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் சிலிண்டர் 80 மில்லிமீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்டது என்றால் அதன் கொள்ளளவு 402 சி.சி. 10:1-க்கு எரியறை 44.7 சி.சி. இருக்க வேண்டும், 9:1-க்கு 50.3 சி.சி. கூடுதலாகத் தேவைப்படும் 5.6 சி.சி.-யைக் கேஸ்கெட்டால் மட்டுமே உண்டாக்க, அது இன்னும் 1.1 மில்லிமீட்டர் தடிக்க வேண்டும். பிஸ்டன் உச்சியை எட்டும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்க வேண்டிய இடைவெளி, இதனால் இரு மடங்காகிவிடும். அந்தக் குறுகிய இடைவெளிதான் ஓரத்துக் கலவையை நடுவே பிதுக்கித் தள்ளி, கலக்கி, விரைவாக எரிய வைக்கிறது. அது போனால் எரிதல் மெதுவாகி, நாக்கிங்கைத் தடுக்கச் செய்த வேலையே நாக்கிங்குக்கு வழிவிடக்கூடும். நடுவில் குழிவான பிஸ்டன்களைப் போட்டால் ஓரத்து இடைவெளி குலையாது.

கேள்வி: 91 ஆக்டேன் போதும் என்று அமெரிக்கக் கிட் ஒன்றின் கையேடு சொல்கிறது. நம் ஊர் 91 போதுமா?

பதில்: போதாது. அமெரிக்க பம்புகளில் எழுதியிருப்பது ரிசர்ச், மோட்டார் என்னும் இரு ஆக்டேன் எண்களின் சராசரி. இந்தியாவிலும் இலங்கையிலும் குறிப்பிடுவது ரிசர்ச் எண்ணை மட்டுமே. அவர்களுடைய 91, நம் கணக்கில் 95-ஐ ஒட்டியது.

கேள்வி: ஆடியின் 3.0 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு எஞ்சினில் 10.5:1 இருக்கிறதே, பழைய மினி கூப்பர் எஸ்-இல் ஏன் 8.3 மட்டும்?

பதில்: மினியில் எரிபொருள் இன்டேக் துறையில், அதாவது வால்வுக்கு முன்னுள்ள காற்றுப் பாதையில், தெளிக்கப்படுகிறது; அந்த எஞ்சினின் சூப்பர்சார்ஜர் இல்லாத வடிவம் 10.6:1. ஆடியில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்ந்து, அங்கேயே ஆவியாகிக் கலவையைக் குளிர்விக்கிறது. ஆயினும் நேரடி இன்ஜெக்‌ஷன் இருந்தாலும் நிறுவனங்கள் கொஞ்சம் இறங்கத்தான் செய்கின்றன: ஜாகுவாரின் 5.0 லிட்டர் வி8, சூப்பர்சார்ஜர் இல்லாமல் 11.5:1, சூப்பர்சார்ஜருடன் 9.5:1. ஆகவே உங்கள் காரிலும் துறைத் தெளிப்பு என்றால் ஆடியின் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.