வண்டியை விடும் முன் செக்கைத் திரும்ப வாங்குங்கள்

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். மூன்று வண்டி வைத்திருக்கும் ஓனரிடம் ஆறு வருஷமாக லாரி டிரைவர். அப்பா இறந்தபோது பம்பாய் லைனில் இருந்தேன், லோடு இறக்காமல் திரும்பக் கூடாது என்றுவிட்டார். புக்கிங் ஆபீஸில் நாலு பேர் முன்னால் திட்டுவார். பேட்டா 14,000 நிற்கிறது. இரண்டு வருஷம் முன் தங்கச்சி கல்யாணத்துக்கு 60,000 அட்வான்ஸ் வாங்கி, தேதியும் தொகையும் எழுதாத இரண்டு செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 25,000 கழிந்துவிட்டது. இப்போது வேறு வேலை கிடைத்திருக்கிறது. சுமுகமாகப் போக எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? பள்ளிகொண்டா பக்கம் பெட்ரோல் பங்கில் வண்டியைப் போட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடு என்கிறார் மச்சான்.

பதில்: அப்பாவின் கடைசிக் காரியத்துக்கு வர முடியாமல் போனது பெரிய துயரம். ஆனால் அதையும் ஓனர் திட்டியதையும் வைத்து எந்தக் கோர்ட்டிலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் ஒரு மாதம் முன்னால் கடிதம் கொடுங்கள், போதும். வேலையில் இருந்தே ஆக வேண்டும் என்று உங்களைக் கட்டிப்போட யாராலும் முடியாது. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான், அதை விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் சட்டப்படி கனமான விஷயம் அந்த இரண்டு செக்தான். கையெழுத்து உங்களுடையது என்றால் மற்றதை யார் நிரப்பினாலும், கடனுக்காகக் கொடுத்த செக் என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கி 35,000 என்று உங்களுக்குத் தெரியும், ஓனருக்கும் தெரியும். செக்கில் இரண்டு லட்சம் என்று எழுதியிருந்தால் என்ன செய்வீர்கள்? கழித்த 25,000-க்கு ஒரு துண்டுச் சீட்டாவது கையில் இருக்கிறதா?

டிரைவர்கள் மாட்டிக்கொள்வது எப்போதும் இந்த இடத்தில்தான். வேலையை விட்ட கையோடு செக்குக்குப் பணம் தராதே என்று பேங்கில் ஸ்டாப் பேமெண்ட் கொடுப்பார்கள், சிலர் அக்கவுண்டையே மூடிவிடுவார்கள். இரண்டுமே காப்பாற்றாது, அப்போதும் செக் திரும்பியதற்கான 138-ஆம் பிரிவு வழக்கு வரும். செக் திரும்பினால் ஓனரின் வக்கீல் வீட்டு முகவரிக்கு நோட்டீஸ் அனுப்புவார். நீங்கள் அப்போது நாசிக்கிலோ சூரத்திலோ இருப்பீர்கள். வீட்டில் பயந்துபோய்த் தபால்காரரிடம் 'ஆள் இல்லை' என்று திருப்பிவிடுவார்கள். சரியான முகவரிக்கு வந்திருந்தால் கிடைத்ததாகவே கணக்கு. பணம் கட்டக் கொடுக்கும் 15 நாள் அங்கேயே போய்விடும். அப்புறம் சம்மன், வாரண்ட். ஒவ்வொரு வாய்தாவுக்கும் டிரிப்பை விட்டு கோர்ட்டுக்கு வர வேண்டும். தண்டனை இரண்டு வருஷம் வரை, அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், சில வேளை இரண்டும்.

மச்சான் யோசனையை இன்றே மறந்துவிடுங்கள். லோடோடு வண்டியை ரோட்டில் விட்டால் சரக்கும் டீசலும் காணோம் என்று ஸ்டேஷனில் ஒரு புகார் போதும். நம்பி ஒப்படைத்ததை மோசம் செய்ததாக குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் வழக்கு வரலாம். வேலைக்காரர் செய்தால் ஏழு வருஷம் வரை தண்டனை. சுமுகமாகப் போவது என்ற பேச்சுக்கே அப்புறம் இடமில்லை.

நேராகச் சொல்கிறேன்: சமரசமாகப் போங்கள். 35,000-இல் பேட்டா 14,000-ஐக் கழித்தால் 21,000. முதலில் அப்படிக் கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் முழு 35,000-ஐயும் கொடுத்துவிடுங்கள். வலிக்கும், தெரியும். ஆனால் அந்த 14,000-ஐப் பிடித்துத் தொங்கினால் செக் அவர் பீரோவிலேயே இருக்கும், வக்கீல் செலவு அதைவிட அதிகமாகும். புது இடத்தில் அட்வான்ஸ் தருவதாக இருந்தால் அதை வாங்கியாவது இதை முடியுங்கள், ஆனால் அங்கே வெற்றுச் செக் மட்டும் கொடுக்காதீர்கள்.

பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், அக்கவுண்டில் போடுங்கள். அதே உட்காரலில் இரண்டு செக்கும் கைக்கு வர வேண்டும். 'அப்புறம் தேடித் தர்றேம்பா' என்றால் பணமும் அப்புறம்தான். ராஜினாமா கடிதத்திலேயே செக் நம்பர்களை எழுதிப் பதிவு செய்த ஸ்பீட் போஸ்டில் ஒரு பிரதி அனுப்புங்கள். பழைய செக்புக்கின் அடிக்கட்டையில் நம்பர் இருக்கும். கணக்கு முடிந்தது என்று ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி ஓனரின் கையெழுத்தும் வாங்குங்கள்.

வண்டியை காலியாக, ஷெட்டில், பகலில் ஒப்படையுங்கள். மீட்டர் ரீடிங், டீசல் அளவு, ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு, ஆர்.சி., பர்மிட் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தேதியும் நேரமும் போட்டு அவரிடமோ மேனேஜரிடமோ கையெழுத்து வாங்குங்கள். மீட்டரையும் டயர்களையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்த வண்டி எங்காவது இடித்தால் அன்று ஓட்டியது நீங்கள் இல்லை என்று காட்டுவது அந்தத் தாள்தான்.

செக்கைத் தரவே மாட்டேன் என்றால் சண்டை போடாமல் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வழக்கு போடாமலேயே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், செலவில்லை. அவர்கள் நடத்தும் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், கையெழுத்தான சமரசம் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. செக் நம்பர் இரண்டும் அந்த உத்தரவில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.