முகக்கவசம் மட்டும் போதுமா?

கேள்வி: படுக்கையறை மேசையில் கப்பல், விமான மாதிரிகள் செய்கிறேன். ரெசின் (வார்த்து இறுக்கிய பிளாஸ்டிக் போன்ற பொருள்) பாகங்களை உப்புத்தாளால் தேய்க்கும்போதும், தின்னர் கலந்த பெயின்ட்டைத் தெளிக்கும்போதும் என்95 முகக்கவசம் அணிகிறேன். இது போதுமா?

பதில்: தேய்க்கும் வேலைக்கு, முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தியிருந்தால், அது போதும். வாட்டர் பேப்பர் எனும் நீரில் நனைக்கக்கூடிய உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் தூசு பறப்பதே பெரிதும் குறைந்துவிடும். ஆனால் பெயின்ட் தெளிப்பதற்கு அது போதாது. என்95 துகள்களை மட்டுமே தடுக்கும். தின்னரில் இருக்கக்கூடிய டொலுயீன் போன்ற கரைப்பான்களின் ஆவி அதனூடே எளிதாகக் கடந்து நுரையீரலை அடைந்துவிடும் என்பதால், ஆவியை உறிஞ்சும் கரி வடிகட்டியும் துகள் வடிகட்டியும் பொருத்திய முகமூடி உங்களுக்குத் தேவை. முகமூடி உங்களை மட்டுமே காக்கும், அதே அறையில் உறங்கும் மற்றவர்களைக் காக்காது. எனவே பெயின்ட் தெளிப்பதைப் படுக்கையறையிலிருந்து மாற்றிவிடுங்கள் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோரமாகப் பரவிச் சற்றுத் தொலைவிலுள்ள விளக்கையோ அடுப்பையோ எட்டித் தீப்பற்றக்கூடியது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சூப்பர் குளூ பயன்படுத்தும்போது பருத்திக் கையுறை அணியாதீர்கள். பருத்தியில் பட்டதும் அந்தப் பசை மிக விரைவாக இறுகி, தோலைச் சுடும் அளவுக்கு வெப்பத்தை உண்டாக்கும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். இறுகாத எபாக்ஸி ரெசின் தோலில் பட்டால் தின்னரால் துடைக்காதீர்கள், சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள்.